உறை சேர்க்கும் வானொலி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. சுகமா என்று கேட்க ஆசைதான்; கேட்டால் பதில் எழுதிவிடுவாயோ என்று பயந்து கேட்கவில்லை. இதைக் கொண்டுவருபவர் வக்கீல் அம்மாவின் ஆள். அவர் எந்த ஊருக்கு வருகிறார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. படித்து முடித்ததும் அவர் கண்ணெதிரே கிழித்துவிடு.

இங்கே ஒரு பெரிய செய்தி. உன் அக்கா இப்போது வானொலி அறிவிப்பாளர். சிரிக்காதே. பதினோரு வருஷம் பேருந்து நிலையத்தில் "மூன்றாவது நடைமேடை" என்று கத்திய அதே தொண்டைதான். பழைய விதைக் கிடங்கை இடித்துவிட்டு அந்த இடத்தில் வட்டார வானொலி நிலையம் கட்டியிருக்கிறார்கள். வேலைக்கு முப்பது பேர் வந்திருந்தோம். மற்றவர்களைப் பக்கம் பக்கமாக வாசிக்கவிட்டார்கள். என்னிடம் பெயரையும் வீட்டு விலாசத்தையும் மட்டும் கேட்டார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான், வேலை எனக்கு. "உன் குரலுக்குக் கிடைச்சதுடி" என்று உன் அத்தான் தலைகால் புரியாமல் ஆடினார். நானும் இரண்டு நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

திறப்பு விழாவைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். வாசலில் பந்தல், நாற்காலிகள், வாத்தியக் கோஷ்டி. விழா தொடங்குவதற்கு முன்பே ஒலிப்பதிவாளர் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து இரண்டு நிமிஷம் கைதட்டச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "பேச்சுக்கு நடுவுல ஜனங்க தட்ட மறந்துட்டா என்ன பண்றது? கைவசம் இருக்கட்டும்" என்றார். அமைச்சருக்கு ஏழு நிமிஷம் ஒதுக்கியிருந்தோம், அவர் நாற்பது நிமிஷம் பேசினார். வயலின்காரர் வில்லை மடியில் வைத்துக்கொண்டு தூங்கியே போனார். இதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, விழா என்றால் அப்படித்தான். ஆனால் கட்டடத்தைக் கொடையாகக் கொடுத்த பெருமகனார் என்று மாலை போட்டு மேடையேற்றினார்களே, அவர் யார் தெரியுமா? உன் பாலத்துக்காரர்தான், அந்தப் பாலத்தைக் கட்டிய அதே ஒப்பந்தக்காரர். பாலம் இடிந்து நாலு பேர் செத்து இன்னும் ஒன்றரை வருஷம் ஆகவில்லை. அந்தக் கலவையில் என்ன போட்டார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டு அதை வெளியே சொன்னவன் நீ ஒருவன். அந்த மனிதருக்குத் திடீரென்று பாட்டு மேல் என்ன பாசம்? "பிரிந்த உறவுகளைக் குரலால் சேர்க்கும் நிலையம் இது" என்று பேசினார். பேசும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நம் அம்மாவைப் பார்த்துக்கொண்டே பேசினார். அம்மாவுக்கு முன்வரிசை எப்படிக் கிடைத்தது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. பத்தே கால் மணிக்கு நான்தான் நிலையத்தின் விலாசத்தை முதன்முதலாக அறிவித்தேன். பத்தரை மணிக்கு நேயர் கடிதங்கள் என்று ஆறு கடிதங்களை என் கையில் திணித்தார்கள். ஏற்ற இறக்கத்தோடு ஆறையும் வாசித்தேன். ஐந்தாவது கடிதத்தின்போதுதான் உறைத்தது. விலாசமே கால் மணி நேரத்துக்கு முன்புதான் ஊருக்குத் தெரியும், அதற்குள் எந்தத் தபால்காரர் பறந்துவந்து கொடுத்தார்? ஆறும் ஒரே பேனாவில், ஒரே கையில் எழுதியவை. எல்லாவற்றிலும் தொலைவில் இருக்கும் ஒரு மகன் அம்மாவுக்காகப் பாட்டு கேட்கிறான். கடிதம் எழுதுவது எத்தனை சுலபம், எத்தனை இனிமை என்று யாருக்கோ ஆசை காட்டுகிற மாதிரி.

கடிதப் பிரிவுக்கு ஓர் அலுவலர் இருக்கிறார். நான் மனதுக்குள் உறைக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். தபால் வந்ததும் அவர்தான் பிரிப்பார். உலகத்தில் எல்லோரும் கடிதத்தை வைத்துக்கொண்டு உறையைக் குப்பையில் போடுவார்கள். இவர் கடிதத்தை எங்களிடம் தள்ளிவிட்டு உறையை வைத்துக்கொள்கிறார். சின்னக் கத்தரிக்கோலால் அஞ்சல் முத்திரை விழுந்த மூலையை வெட்டி எடுத்து, ஊர்வாரியாகக் காகிதத்தில் ஒட்டுகிறார். "என்ன சார், ஸ்டாம்பு சேக்கறீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "ஆமாம்மா, பொண்ணுக்கு" என்றார். ஒரே விலை, ஒரே படம் போட்ட தபால்தலையை அறுபது தடவை எந்தப் பெண் சேர்ப்பாள், நீயே சொல்.

அப்புறம் அம்மா. நான் பணியில் இருந்த ஒரு பகலில், என்னிடம் மூச்சுவிடாமல், நிலைய இயக்குநரே ஒலிப்பதிவுக் கருவியோடு வீட்டுக்குப் போயிருக்கிறார். 'தாயின் குரல்' என்று நிகழ்ச்சியாம். அம்மா முகம் கழுவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு பேசியிருக்கிறாள். "கண்ணு, எங்க இருந்தாலும் நல்லா இரு. ஒரு வரி எழுதிப் போடுடா, அது போதும் எனக்கு." மற்ற அம்மாக்களின் குரல் ஒரு தடவை வந்ததோடு சரி. நம் அம்மாவின் குரல் ஒன்பது நாளாகத் தினம் மூன்று வேளை வருகிறது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்கும் கேட்கும்படி கோபுரத்தை உயர்த்தியிருப்பதாகப் பொறியாளர் பெருமை அடித்துக்கொள்கிறார்.

அம்மாவிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். சண்டைதான் மிச்சம். "உனக்கு ஊர்ல எல்லாருமே திருடன்தான். காய்காரன் தராசையே நாலு தடவ திருப்பிப் பாக்கறவ நீ. எம்புள்ள எங்குரலக் கேக்கட்டுமே, உனக்கென்ன வயித்தெரிச்சல்?" என்றாள். அவள் சொல்வதும் பொய்யில்லை, நான் சந்தேகப் பிராணிதான். மூன்று நாள் என்னையே திட்டிக்கொண்டேன். ஒரு நல்ல காரியத்தைக் கூட நம்ப முடியாத பிறவியா நான் என்று நினைத்தேன்.

போன திங்கட்கிழமை அந்த நினைப்பும் போய்விட்டது. உறைக்காரர் என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டார். டீ வரவழைத்தார். ஒரு கடிதத்தை மேசைமேல் விரித்து, "இந்தக் கையெழுத்து உங்களுக்குத் தெரிஞ்சவங்களோடதா பாருங்கம்மா" என்றார், ஏதோ மழை வருமா என்று கேட்பதுபோல. கீழே 'ஒரு நேயர்' என்று இருந்தது. துணி காயப்போடும்போது அம்மா முணுமுணுக்கிற பாட்டைக் கேட்டு எழுதியிருந்தது. வரிகள் எல்லாம் வலப்பக்கம் மேலே ஏறிப் போயிருந்தன. அதற்காக எத்தனை வாத்தியார்களிடம் உதை வாங்கினாய், திருந்தினாயா?

மடையா! ஒரே ஒரு கடிதம், அதை இந்த விலாசத்துக்கா எழுத வேண்டும்? ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா, கோபம் பிறகுதான் வந்தது. முதலில் சந்தோஷம்தான் வந்தது. உயிரோடு இருக்கிறான், பாட்டுக் கேட்கிற அளவுக்குச் சோறு தின்று இருக்கிறான் என்று. அந்தச் சந்தோஷம் முகத்துக்கு வருவதற்குள் டீயைக் குடித்துவைத்தேன், நாக்கு வெந்துபோனது. "தெரியலையே சார், இப்படிக் கோணலா எழுதறவங்க எங்க வீட்ல யாரும் இல்ல" என்றேன். அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியாது. முத்திரை விழுந்த உறை மூலை அவர் மேசையில் ஏற்கெனவே வெட்டப்பட்டுத் தனியாகக் கிடந்தது. நான் பார்க்கப் பார்க்க அதன்மேல் கோப்பை வைத்து மூடிவிட்டார்.

அதனால் இதைப் படித்த கையோடு அந்த ஊரைவிட்டுக் கிளம்பு. நாளைக்கு என்று வைத்துக்கொள்ளாதே. வக்கீல் அம்மா சொன்னபடி பாலம் வழக்கு இன்னும் பத்து வாரத்தில் எடுக்கப்படும். பத்து வாரம், தம்பி. அதுவரை நீ யாருக்கும் பேனா எடுக்கக் கூடாது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை நிகழ்ச்சியில் நான் வாசிப்பதற்கு ஒரு தாள் தந்திருக்கிறார்கள். அந்த 'ஒரு நேயருக்கு' பதில். அவர் கேட்ட பாட்டை ஒலிபரப்பிவிட்டு, "உங்கள் அம்மா உடல்நலம் குன்றியிருக்கிறார், உங்களைப் பார்க்கத் துடிக்கிறார், உடனே புறப்பட்டு வாருங்கள்" என்று நான் சொல்ல வேண்டும். இயக்குநர் பக்கத்தில் நின்று, "கொஞ்சம் தழுதழுத்து வாசிங்கம்மா" என்றார். யார் அந்த நேயர், யார் அந்த அம்மா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வாசிக்க மாட்டேன் என்று சொன்னால், கையெழுத்தை நான் அடையாளம் கண்டுகொண்டது தெரிந்துவிடும். வாசிப்பேன். நன்றாகவே வாசிப்பேன், தம்பி. கேட்கிற உனக்குப் பேருந்து நிலையத்துக்குத்தான் ஓடத் தோன்றும்.

ஓடாதே. அம்மா நன்றாக இருக்கிறாள். இன்று காலை கூட நான் துவைத்த போர்வையில் அழுக்குப் போகவில்லை என்று மறுபடி அலசவைத்தாள். 

ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்துவார்கள் என்று நினைக்காதே. அடுத்த வாரமும் தாள் தருவார்கள், அதற்கடுத்த வாரமும் தருவார்கள். அம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. ஏதோ ஒரு வாரம் அந்தத் தாளில் இருப்பது நிஜமாகவே நடந்துவிடலாம். அன்றைக்கும் இதே குரலில், இதே தழுதழுப்போடு வாசிப்பேன். பொய்க்கும் நிஜத்துக்கும் உனக்கு வித்தியாசம் தெரியாது. தெரியும்படி என்னால் வாசிக்கவும் முடியாது, இயக்குநர் பக்கத்தில் நிற்பார். அன்றைக்கும் நீ வரக் கூடாது. சாட்சிக் கூண்டில் ஏறி, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லி முடிக்கும்வரை, அக்கா வா என்றால் வராதே.

நல்லபடியாக இரு, ராசா. என்னை நம்பாமல் இரு.

உன்
அக்கா