கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுங்கள்

என்னங்க,

சூப் அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கினால் போதும். கேஸை மூடிவிட்டேன். நீங்கள் எப்படியும் இன்னொரு தடவை பார்ப்பீர்கள், பாருங்கள். குழாய் சரிசெய்பவர் வருவார். பாவம், மாடி ஏறி வருகிற மனுஷன், தேநீர் கொடுங்கள்.

நான் மறதிக் குழுவுக்குப் போகிறேன். குழுவில் இருக்கிற பழைய பஸ் டிரைவர் ஆட்டோவில் வந்து அழைத்துப்போகிறார். (இப்போது அவரும் பயணிதான், பயப்படாதீர்கள்!)

அங்கே எங்களுக்குள் ஒரு பழக்கம். ஒருவர் சொல் கிடைக்காமல் திணறினால் யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை. பிஸ்கட்டைக் கடித்தபடி காத்திருப்போம், கேட்டால்தான் சொல்வோம். போன வாரம் தையல்காரம்மா தன் பேரன் பெயரைக் கண்டுபிடிப்பதற்குள் பிஸ்கட் டப்பா காலி. பெயர் வந்ததும் அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நாம் முன்பு மழையில் மாட்டிக்கொண்ட கதையை நேற்று உங்கள் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இடத்தின் பெயர் நாக்கு நுனியில் நின்றது. அதற்குள் நீங்கள் "பாலமா, கோட்டையா, பூங்காவா" என்று அடுக்கியதில் அது ஓடியே போய்விட்டது. அதனால்தான் கதையை முடிக்காமல் எழுந்து போய்ப் படுத்தேன். அன்பால் செய்தீர்கள், தெரியும். ஆரம்பநிலை மறதி நோய் என்றுதானே டாக்டர் சொன்னார்? கடவுள் இன்னும் நிறைய விட்டுவைத்திருக்கிறார். நீங்கள் கொஞ்சம் காத்திருந்தால் போதும்.

சாவி பக்கத்து வீட்டில்.

பி.கு.: கலங்கரை விளக்கம்! செருப்பு மாட்டும்போது தானாக வந்தது. உங்களுக்கும் நினைவில்லையே? அடுத்த வாரம் நீங்களும் வாருங்கள். நாற்காலி இருக்கிறது, நாங்கள் காத்திருப்போம்.