கடிகாரத்துக்குக் கீழே ஒரு தாள்

மார்ச் 3, திங்கள்

வெளிநாட்டு உதவித் திட்டத்துக்கு அடுத்த மூன்று வருட நிதியைப் பேசும் கூட்டம் இன்று என் தலைமையில் தொடங்கியது. தலைமை என்றால், கூட்ட அறையின் சாவி என்னிடம். நான் திறக்காமல் எந்தச் செயலாளரும் உள்ளே கால் வைக்க முடியாது. நம் பக்கம் ஒன்பது அதிகாரிகள், பணம் தரும் வெளிநாட்டார் பக்கம் ஏழு. பதினாறு பேருக்கும் தேநீர் என் கையால்தான். அவர்களுடைய தலைவர், ஒரு நெட்டையர், ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த ஆட்டலிலேயே பாதி ஒப்பந்தம் முடிந்தது.

தங்கைக்குப் போன் போட்டு, "உன் பொண்ணு வேலைக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். அவள் மகள் இந்தத் திட்டத்தின் மருத்துவ வண்டியில் நர்ஸ். ஆற்றுக்கு அப்பால் பதினோரு ஊருக்கு அந்த வண்டிதான் ஆஸ்பத்திரி. இந்த மாதத்தோடு பணம் தீர்கிறது.

மார்ச் 4

அதைக் குறை, இதைக் குறை என்று நாள் முழுக்க இழுபறி. ஒத்துவராததை எல்லாம் பின்சுவரில் ஒட்டிய ஒரு பெரிய தாளில் எழுதுகிறார்கள். தலைப்பு: பிறகு பேசலாம். சாயங்காலம் மருத்துவ வண்டியும் அதில் ஏறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நல்ல சாமானைத்தானே தனியே எடுத்து வைப்போம்!

தங்கையிடம், உன் மகள் பேரைக் கொட்டை எழுத்தில் சுவரில் ஏற்றிவிட்டேன் என்றேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். உப்பில்லாத பேச்சை யார் கேட்பார்கள்?

மார்ச் 5

தட்டச்சு அக்காவிடமும் அளந்தேன். அவள் நிமிரவே இல்லை.

"இருபது வருஷமா பாக்கறேன். அந்தத் தாள்ல ஏறினது எதுவும் இறங்கினதில்ல. கடைசி நாள் யாருக்கும் நேரம் இருக்காது."

சோறு இறங்கவில்லை.

மார்ச் 6

தங்கை மூன்று முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

ஆறு மணிக்கு அவர்களுக்கு விமானம். காலையிலிருந்தே எல்லார் கண்ணும் கடிகாரத்தில்தான். சாப்பாட்டு நேரத்தில் அறை காலி. தாளைப் பெயர்த்து, கடிகாரத்துக்கு நேர் கீழே ஒட்டினேன். இனிப் பார்க்காமல் எங்கே போவார்கள்?

பார்த்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தார்கள். மூன்று. மூன்றரை. நாலு.

தட்டோடு நெட்டையர் பக்கத்தில் போய் நின்றேன். என் வாய்க்குப் பூட்டே கிடையாது என்பார்கள். திறந்தேன். என்ன வந்தது? "சர்க்கரை போதுங்களா?" — அவ்வளவுதான் வந்தது. இந்த வாயை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் —

நாலேகாலுக்கு நம் செயலாளரம்மா தாளைக் கவனித்தார். "இது எப்ப இங்க வந்துச்சு?" என்று சிரித்தார். அப்புறம், "சரி, அடுத்த தடவ பாத்துக்கலாம்."

கைகுலுக்கினார்கள். தாளைக் கழற்றிச் சுருட்டும்படி என்னிடம்தான் சொன்னார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் மகள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். நெட்டையர் என் தோளில் கை போட்டுக் கண்கலங்கினார் என்று ஆரம்பித்தேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"விடுங்க மாமா. நீங்க அங்க டீ குடுக்கறீங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

அப்படியென்றால் உன் அம்மாவை ஏன் நம்ப விட்டாய் என்று கேட்டேன்.

"நானும் கொஞ்சம் நம்பினேன் மாமா."

மார்ச் 10

அறையைத் திறந்தேன். பதினாறு கோப்பை கழுவினேன். கடிகாரத்துக்குக் கீழே பசைத் தடம் இருந்தது. தேய்த்தேன். போகவில்லை.