விட்டுப்போன புள்ளிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா?

இங்கே கதிர்வீச்சுப் பிரிவில் போன வாரம் ஒரு தையல்காரருக்கு முகமூடி செய்தேன். தலை அசையாமலிருக்க, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி எடுப்போம். உங்களைப்போலவே மூன்று வருடத்துக்கு முன் குடலில் புற்றுக்கட்டி எடுத்தவர். "கீழ்வீட்டுல இருந்தவன் சொல்லாம கொள்ளாம மாடிக்குக் குடி போயிட்டாம்மா" என்று தலையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்.

இரண்டு மாதமாகப் பொத்தான்களை இடம் மாற்றித் தைத்திருக்கிறார். வயசாச்சு என்று வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்லவேளை, மூளையில் ஒரே கட்டிதான். அதை அறுவை செய்து எடுத்து, அந்த இடத்துக்கு மட்டும் கதிர் கொடுக்கிறோம். இப்போது தானே ஊசியில் நூல் கோக்கிறார். இன்னும் எத்தனை காலம் இருப்பார் என்று டாக்டர் வாய்விட்டுச் சொல்வதில்லை. சீக்கிரம் வந்தால் செய்ய வழியுண்டு என்கிறார்.

என் பழைய போர்வையை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம்.

அப்பா, முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர் நீங்கள். போன கடிதத்தில் பதினோரு இடத்தில் புள்ளி வைக்கவில்லை. அம்மா 'அமமா' ஆகியிருக்கிறாள். "கண்ணாடிய மாத்தணும், அவ்வளவுதான்" என்பீர்கள். மாற்றுங்கள். ஆனால் நாளைக்கே டாக்டரிடம் போய் முதலில் தலையை ஸ்கேன் எடுங்கள்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். பதிலை அம்மாவை எழுத வைக்காதீர்கள். நீங்களே என்னை அதிகப்பிரசங்கி என்று திட்டி எழுதுங்கள். அந்தச் சொல்லில் இரண்டு புள்ளி இருக்கிறது.

உங்கள் மகள்