உன் காலில் ஆறாமல் இருந்த புண்

என் பிரியமான சேவியர் அண்ணா,

நீ எங்களை விட்டுப் போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. நியூ ஜெர்சியில் இன்னும் பனி கரையவில்லை. ஆஸ்பத்திரி லேபில் எனக்கு அதே வேலைதான். நோயாளிகளின் திசுவை மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி டாக்டரிடம் கொடுக்கிறேன்.

எண்பத்திரண்டாம் வருடம் பிளானோவில் உன் வீட்டுக்கு உன்னைப் பார்க்க வந்தபோது, குளியலறைக் குப்பைக்கூடையில் மஞ்சள் கறை படிந்த கட்டுத்துணியைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"பழைய ஸ்கூட்டர் ஆக்ஸிடென்ட்தான். கொஞ்சம் லீக் ஆகும். வலிக்கல, விடு ஸ்டெல்லா" என்றாய்.

மெட்ராசில் உடைந்த கால். மேலே தோல் மூடிவிட்டது. உள்ளே எலும்பில் சீழ் தங்கி, ஒரு சின்னத் துளை வழியாக வருடக்கணக்காகக் கசிந்துகொண்டே இருந்தது. தினமும் காலையில் நீயே கட்டுப் போட்டு, பேண்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போவாய். லேபில் வேலை பார்க்கிற நானும் விட்டுவிட்டேன். ஏன் விட்டேன்?

அப்புறம் இரண்டு காலும் வீங்கின. சிறுநீரில் புரதம் போனது. கிட்னியிலிருந்து துளி திசு எடுத்துப் பார்த்தார்கள். முடிவு தெரிந்ததும் நீ அந்தத் திசு ஒட்டிய கண்ணாடி ஸ்லைடைக் கேட்டு வாங்கிக்கொண்டு, விமானம் ஏறி என்னிடம் வந்துவிட்டாய்.

"என் கிட்னிய நான் பார்க்கணும். காட்டு."

டாக்டரிடம் அனுமதி கேட்டு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் உன்னை மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வைத்தேன். ஒளியை வடிகட்டும் கண்ணாடியைத் திருப்பியதும், சாயம் ஏறிச் சிவந்திருந்த இடங்கள் இளம்பச்சையாக மின்னின.

"அழகா இருக்கே" என்றாய்.

"அதுதான் அண்ணா, அமிலாய்டு."

"புண்ணு கால்ல. இது எப்படி கிட்னிக்குப் போச்சு?"

புண் இருக்கும்வரை கல்லீரல் ஒரு புரதத்தை அதிகமாகச் சுரக்கும், ஆறியதும் குறைத்துவிடும், உன் உடம்பில் அது குறையவே இல்லை என்றேன். அந்தப் புரதத்தின் துண்டுகள் தப்பாக மடிந்து, அமிலாய்டு நார்களாகக் கிட்னியில் படிந்துவிட்டன.

நீ கண்ணை எடுக்கவே இல்லை. "அப்போ ஹெல்ப் பண்ண வந்ததே அடைச்சிடுச்சா? எல்லாருக்கும் இப்படி ஆகறதில்லையே. எனக்கு ஏன்?"

"தெரியல அண்ணா. யாருக்கும் சரியா தெரியல."

அந்தப் பதில் பிடித்துப்போனது போலச் சிரித்தாய். அந்தக் கோடையில் உன் எலும்பைச் சுத்தம் செய்தார்கள். கால் ஒருவழியாக ஆறியது. கிட்னி தேறவில்லை.

அண்ணி இப்போது பிளானோவுக்குப் பக்கத்து ஊரான ஆலனில் ஒரு டேகேரில் வேலை பார்க்கிறார். உன் மகள் நிர்மலாவுக்கு ஒன்பது வயது. போன வாரம் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். "அத்தை, இட்ஸ் இட்சிங். ஒய்?" என்று போன் வந்தது, ஏன் அரிக்கிறது என்று கேட்டு. பக்குக்கு அடியில் ஓரங்களிலிருந்து புதுத் தோல் ஊர்ந்து வந்து நடுவில் சேர்ந்துகொள்ளும் என்று சொன்னேன்.

"ஹவ் டஸ் இட் நோ வென் டு ஸ்டாப்?"

எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்த பாதியைச் சொன்னேன். மீதியை இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.

டாடிக்குக் கிட்னி சரியில்லை என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். லீவுக்கு என்னிடம் வரும்போது முழுவதையும் சொல்வேன் அண்ணா. அன்று கட்டுத்துணியைப் பற்றி நான் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்ததையும் மறைக்க மாட்டேன்.

நிர்மலாவின் அத்தை,
உன் தங்கச்சி ஸ்டெல்லா