இடுப்பு ஆறிய இரண்டு மாதம்

ஏங்க,

இன்று காலை மாட்டுக்கொட்டகையைப் பெருக்கும்போது அந்தப் பழைய பெஞ்சு காலில் இடித்தது. பலகையில் உங்கள் கெண்டைக்கால் பட்ட எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. அதன் மேலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது.

எழுபத்தெட்டோ ஒன்பதோ, நம் இரட்டைப் பையன்கள் நடக்கப் பழகிய வருஷம். இரட்டைப் பிள்ளை பெற்றவள் காலால் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்று உத்திரமேரூரைச் சுற்றியிருந்த சனமெல்லாம் என்னைத் தேடி வந்தது. நானும் பெரிய டாக்டரம்மா மாதிரி மிதித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் உங்களுக்குப் பிடிப்பு வந்தது.

"ஊருக்கெல்லாம் மிதிக்கிற, எனக்கு மிதிக்க மாட்டியா?" என்றீர்கள்.

"ஐயய்யோ, புருஷன் மேல காலா? அத்தைக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்?"

"கதவ சாத்து. யாருக்குத் தெரியப் போவுது?"

சாத்தினேன். மிதித்தேன். நீங்கள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உங்களால் எழுந்து நிற்க முடியவில்லை. இடது கால் மரத்துப்போனது. உங்கள் இடுப்பை நம்பித்தான் நம் வீட்டு அடுப்பு எரிந்தது. அதை நானே உடைத்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

வெளியே நீங்கள் சொன்னது வேறு. மூட்டையோடு விழுந்துவிட்டேன் என்று அத்தையிடமும் சொன்னீர்கள், காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி டாக்டரிடமும் சொன்னீர்கள். "உள்ளே தசை கிழிஞ்சிருக்கு. அது கூடுற வரைக்கும் இடுப்புக்குப் பாரம் காட்டாதே. ஆனா படுத்தே கிடக்காதே" என்றார் அவர்.

அவர் சொன்னதை ஒன்று விடாமல் செய்தீர்கள். பாயில் கொஞ்ச நேரம் மல்லாந்து, கெண்டைக்கால் இரண்டையும் பெஞ்சின் மேல் போட்டுக் கிடப்பீர்கள். கொட்டகை விட்டத்தைப் பிடித்து, கால்விரல் தரையில் பட்டும் படாமலும் பாதி எடையைக் கைகளில் தாங்கித் தொங்குவீர்கள். சாயங்காலம் பம்ப்செட் தொட்டியில் மார்பளவு தண்ணீரில் மெதுவாக நடப்பீர்கள்.

ஒரு நாள் உங்களோடு மூட்டை தூக்கும் கூட்டாளி தொட்டியோரம் வந்து நின்றார்.

"இன்னாபா, எருமையாட்டம் தண்ணில ஊறிக்கினு கீறே? இத்தினி வருஷம் தூக்கினவன், தூக்கத் தெரியாம வுயுந்துட்டியே!"

மில்லிலேயே சுத்தமாக மூட்டை தூக்குகிறவர் என்று பெயர் எடுத்தவர் நீங்கள். சிரித்துக்கொண்டு, "ஆமாபா, குனிஞ்சது தப்பாப் பூட்ச்சி" என்றீர்கள். துண்டோடு நின்றிருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்கு வந்ததும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொன்னா எங்கம்மா உன்ன வுட்டு வைக்குமா? என்னத் தூக்கத் தெரியாதவன்னு சொன்னா சொல்லிக்கினு போறாங்க. கம்முனு இரு."

இரண்டு மாதம் கழித்து, டாக்டர் சரி என்ற பிறகு, அரை மூட்டையில் ஆரம்பித்து மில்லுக்குப் போனீர்கள். அதற்கப்புறம் நான் யாரையும் மிதிக்கவில்லை. வந்தவர்களைப் படுக்க வைத்துக் காலைப் பெஞ்சில் ஏற்றிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றேன். அத்தை போய்ச் சேர்ந்த பிறகும் நீங்கள் வாயைத் திறக்கவில்லை. உங்களைப் போல ஓர் ஆம்பிளையை நான் பார்த்ததில்லை.

உங்கள் காரியத்தன்று அதே கூட்டாளி, தள்ளாத வயதில், பந்தலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். "நல்ல மனுசன். இன்னா, ஒரு வாட்டி தூக்கத் தெரியாம மூட்டையோட வுயுந்துட்டான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நம் பையன்களும் சிரித்தார்கள்.

நான் எழுந்தேன்.

"அவரு வுயல. நான் மிதிச்சேன். என் கால்தான் அவரு இடுப்பக் கெடுத்துது. என் பேரக் காப்பாத்த அவரு பேரக் கெடுத்துக்கினாரு."

பெரியவன் என்னை உட்காரச் சொன்னான். நான் உட்காரவில்லை. நீங்கள் ஒரு மூட்டையைக்கூடக் கீழே போட்டதில்லை என்பதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.