மேனேஜருக்கு நரை

ஜனவரி 9

அன்புள்ள பொடிசுக்கு,

இங்கே நலம். நீ நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா, தெரியவில்லை. இருந்தாலும் கேட்டுவைக்கிறேன். நானும் உன் அண்ணனும் பிரிந்து நான்கு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து உன்னிடமிருந்து ஒரு வரி கிடையாது, போன் நம்பரையும் மாற்றிவிட்டாய். நாத்தனார் என்றாலே அப்படித்தான் என்று பார்லருக்கு வரும் பெண்கள் சொல்கிறார்கள். நான் உனக்காகப் பரிந்து பேசிப் பேசி வாய் வலிக்கிறது.

இப்போது எழுதுவது முடி விஷயமாக. என்னிடம் வரும் ஓர் அம்மா வீட்டில் நூல் நூற்பவர். போன வாரம் தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்தபோது, கைப்பையிலிருந்து ஒரு பிடி அங்கோரா முயல் முடியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இருபத்தாறு வருடமாக அடுத்தவர் தலைமுடியில்தான் என் பிழைப்பு. சுருட்டை, கோரை, எலிவால் எல்லாம் பார்த்தாயிற்று. இப்படி ஒன்றைத் தொட்டதில்லை. கையில் இருப்பதே தெரியவில்லை, ஆனால் உள்ளங்கை கதகதவென்றிருக்கிறது. இந்த முயல்களுக்குப் போட்டி வேறு நடக்கிறதாம். மேசையில் நிறுத்தி, முடியை ஊதிப் பார்த்து, பரிசு கொடுப்பார்களாம். எனக்கு அன்று வேலையே ஓடவில்லை. நல்ல குட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டால், அந்த அம்மா உன் பண்ணையைச் சொல்கிறார்! அத்தனை வருடம் நீ முயல் வளர்த்தும், பார்லரை விட்டு ஒரு தடவைகூட நான் அங்கே வந்து பார்க்கவில்லையே.

எனக்கு ஒரு குட்டி வேண்டும், போட்டிக்குப் போகக்கூடிய குட்டி. தர முடியாது என்றால் முடியாது என்று எழுது. அந்த ஒரு வரியாவது வரட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் அண்ணி


ஜனவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

முன்னாள், இந்நாள் எல்லாம் மந்திரிகளுக்கு. நீங்கள் அண்ணிதான்.

தீவன வண்டிக்காரரிடம் ஒரு குட்டியைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கறுப்பு ஆண், பத்து வாரம் ஆகிறது. முகமும் காதும் காலும் நல்ல கறுப்பாக இருக்கும், உடம்பு முடி வளர வளரப் புகை நிறத்துக்கு வரும். இந்த ஈற்றில் இதுதான் முதல் தரம். நானே கொண்டுவந்திருக்கலாம். இங்கே வேலை தலைக்குமேல் இருக்கிறது.

கவனமாகப் படியுங்கள். நாள் முழுக்க வைக்கோல் இருக்க வேண்டும், தண்ணீர் குறையவே கூடாது. தன் முடியைத் தானே நக்கி விழுங்கும். குடலில் அது கட்டிக்கொண்டால் முயல் பிழைக்காது. சாப்பாட்டை ஒதுக்கினால் அரை நாள்கூடப் பார்த்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். கூண்டுக்கு அடியில் கம்பி வலை இருக்கட்டும், ஆனால் உட்கார ஒரு பலகை போடுங்கள், பாதம் புண்ணாகிவிடும். இடது காதுக்குள் பச்சை குத்திய எண் இருக்கிறது. அது இல்லாமல் மேசையில் ஏற்ற மாட்டார்கள்.

முக்கியமாக, சீப்பை எடுக்காதீர்கள். உங்களைத் தெரியும், அதனால் சொல்கிறேன். சீவச் சீவ முடி கழன்று வந்துவிடும். காற்றால் ஊதித்தான் சிக்கெடுக்க வேண்டும். அதுவும் குளிர்ந்த காற்று.

அன்புடன்,
பொடிசு


மார்ச் 2

அன்புள்ள பொடிசுக்கு,

குட்டி ராஜாவாக இருக்கிறது. பகலில் பார்லரில்தான் வாசம். வருகிறவர்களை ஏற இறங்கப் பார்ப்பதும், யாரையும் பிடிக்காத மாதிரி மூக்கை ஆட்டுவதுமாக இருப்பதால் எல்லோரும் மேனேஜர் என்கிறார்கள். என் உதவிக்கு இருக்கும் பெண் தாமதமாக வந்தால் என்னைவிட்டு அதைத்தான் பார்க்கிறாள்.

முதல் நாளே உன் பேச்சைக் கேட்கவில்லை. டிரையரைச் சூடாக வைத்துவிட்டேன், என் கை தானாக அந்தப் பொத்தானுக்குத்தான் போகிறது. மேனேஜர் எகிறிக் குதித்து ஷாம்பு அலமாரியில் ஏறிவிட்டார். இப்போது குளிர்காற்றுதான். முடியின் வேரைப் பார்த்து ஊதினால் பூ மாதிரி வட்டமாக விரிந்து, நடுவில் தோல் தெரிகிறது. வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம் இதுதான் வேலை. இத்தனை வருடத்தில் மூக்கை நுழைத்துப் பேசாத வாடிக்கையாளர் இவர் ஒருத்தர்தான்.

சீப்பு விஷயத்தில் ஒரு சின்னத் தப்பு நடந்துவிட்டது. பிப்ரவரி தொடக்கத்தில் காதுக்குப் பின்னால் ஒரு சிக்கு. இழுத்துவிட்டேன், தோல் கொஞ்சம் கிழிந்தது. ஆறிவிட்டது, கவலைப்படாதே.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கோபப்படாமல் பதில் சொல். நாங்கள் பிரிந்தபோது நீ ஏன் வரவில்லை? உன் அண்ணன் வேறு ஒருத்தியோடு போனதற்கு நான்தான் காரணம், வீட்டைக் கவனிக்காமல் பார்லரே கதி என்று கிடந்தேன் என்று உங்கள் வீட்டில் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. மற்றவர்கள் சொன்னது எனக்கு வலிக்கவில்லை. நீயும் அப்படித்தான் நினைக்கிறாயா? வீட்டைவிட்டு அவர் போனதைவிட நீ வராமல் போனதற்குத்தான் நான் அதிகம் அழுதேன். எழுதிவிட்டேன், கிழிக்கப்போவதில்லை.

அண்ணி


மார்ச் 12

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. ஏப்ரல் 12ஆம் தேதி உங்கள் பக்கத்துப் போட்டி. விண்ணப்பத்தை இந்த மாதம் முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கறுப்பு ஆண்கள் பிரிவு என்று எழுதுங்கள். வளர்த்தவர் என்ற இடத்தில் என் பண்ணைப் பெயர், உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர்.

ஒரு மேசையைப் போட்டு தினமும் அதில் நிற்கவைத்துப் பழக்குங்கள். நடுவர் பல், நகம், காது எண், எடை எல்லாம் பார்ப்பார், திருப்பிப் போட்டு வயிற்றையும் பார்ப்பார். அப்போது உதைக்கக் கூடாது. கறுப்பு முயலில் வெள்ளைத் திட்டு இருந்தால் அப்போதே வெளியே அனுப்பிவிடுவார்கள். உங்கள் குட்டியில் அந்தப் பயம் இல்லை, நான் ஊதிப் பார்த்துத்தான் அனுப்பினேன்.

நீங்கள் கேட்ட மற்ற விஷயத்துக்குப் பிறகு எழுதுகிறேன். இப்போது ஈற்றுக் காலம்.

அன்புடன்,
பொடிசு


ஏப்ரல் 13

அன்புள்ள பொடிசுக்கு,

போட்டி நடத்தும் சங்கத்திலிருந்து உனக்கு ஒரு கடிதம் வரும். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று காலையில் கடையைக்கூடத் திறக்காமல் எழுதுகிறேன்.

மேனேஜரின் காதுக்குப் பின்னால் தோல் கிழிந்த இடத்தில் புதிதாக வளர்ந்த முடி வெள்ளையாக வந்தது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கொத்து. போட்டிக்கு ஒரு வாரம் முன்னால்தான் கவனித்தேன். வெள்ளைத் திட்டு இருந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது. ஆனால் என் கை என்னைக் கேட்கவில்லை, பொடிசு. கறுப்பில் வெள்ளையைப் பார்த்தால் இருபத்தாறு வருடமாக அந்தக் கை என்ன செய்யுமோ அதைத்தான் செய்தது. இரண்டு நிறம் கலந்து, வேர் வரை தடவி, நேரம் பார்த்துக் கழுவி, குளிர்காற்றில் காயவைத்தேன். நானே தேடினாலும் கிடைக்கவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மண்டபம் முழுக்க மேசையும் கூண்டும். நடுவர் ஒரு பல் டாக்டர், முதலில் பல்லைத்தான் பார்த்தார். பிறகு முதுகில் ஊதினார், விலாவில் ஊதினார், அடர்த்தி பிரமாதம் என்றார். ஏழு குட்டிகளில் மேனேஜருக்கு முதல் இடம். பரிசு ரிப்பனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வளர்த்தவர் பெயரைப் படித்தார். உன் பண்ணை என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தப் பண்ணை முயல்ல ஒளிவுமறைவே இருக்காதும்மா. இருபது வருஷமா பாத்துட்டிருக்கேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பூசியது என் முயலில் மட்டும் இல்லை, உன் பெயரிலும்.

"சார், இடது காதுக்குப் பின்னாடி பாருங்க. அது சாயம். நான்தான் பூசினேன்" என்றேன்.

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். என் தொழில் இது, பழக்கதோஷம் என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், எனக்கு அழுகை வந்தது. ரிப்பன் இரண்டாவது குட்டிக்குப் போனது. இந்த வருடம் முழுக்க நான் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளக் கூடாது. அது நியாயம்தான். வளர்த்தவருக்கும் எழுதிக் கேட்பது வழக்கம் என்று செயலாளர் சொன்னார்.

அவர்களுக்கு நீ பதில் எழுதும்போது எல்லாவற்றையும் என் தலையில் போட்டுவிடு. நான்கு வருடம் கழித்துக் கிடைத்தவளை இப்படித் தொலைக்கிறேனே என்றுதான் இருக்கிறது. முயலைத் திருப்பி அனுப்பச் சொன்னால் அனுப்பிவிடுகிறேன்.

அண்ணி


ஏப்ரல் 28

பொடிசு,

பதினைந்து நாள் ஆகிவிட்டது. தபால்காரர் வந்தால் வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன், அவர் என்னைப் பார்த்தாலே தலையை ஆட்டிவிடுகிறார். திட்டியாவது எழுது. மேனேஜர் நன்றாகச் சாப்பிடுகிறார். அதை மட்டும் தெரிந்துகொள்.

அண்ணி


மே 2

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில், சாயத்தை நக்கியதா? வாய் எட்டாத இடம்தான், இருந்தாலும் முன்னங்காலால் முகம் துடைக்கும், அந்தக் காலை நக்கும். அந்தக் கொத்தை உடனே வெட்டி எறியுங்கள். சாப்பிடுகிறது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இரண்டாவது, நீங்கள் நினைக்கும் அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தழும்பில் வந்த வெள்ளை வேறு, பிறவித் திட்டு வேறு. முன்கூட்டியே நடுவரிடம் சொல்லியிருந்தால் தோலைத் தடவிப் பார்த்துவிட்டு விட்டிருப்பார். மறைக்கவே தேவை இல்லாததை மறைத்திருக்கிறீர்கள். சங்கத்துக்கு எழுதிவிட்டேன். பண்ணைமீது குறை இல்லை என்று பதிலும் வந்துவிட்டது. ஜெயித்த பிறகு தானாக முன்வந்து சொன்ன ஆளை இதுவரை பார்த்ததில்லை என்று பல் டாக்டர் கீழே தன் கைப்பட எழுதியிருக்கிறார்.

பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒன்பது தாள் கிழித்தாயிற்று, இது பத்தாவது.

அண்ணி, நீங்கள் பிரிவதற்கு முந்தைய வருடம் அண்ணன் சனிக்கிழமைதோறும் என் பண்ணைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவாரே, எனக்குக் கூண்டு அடித்துத் தருவதாக. ஒரு கூண்டுகூட அவர் அடிக்கவில்லை. பண்ணை வாசலையே மிதிக்கவில்லை. "அண்ணி கேட்டா ஆமான்னு சொல்லிடு, கொஞ்ச நாள்தான்" என்றார். நீங்கள் போனில் கேட்டீர்கள். ஆமாம் அண்ணி என்றேன். வேலை எவ்வளவு முடிந்தது என்று கேட்டீர்கள். பாதி முடிந்தது அண்ணி என்றேன். எனக்கும் சேர்த்து அவரிடம் சாப்பாடு கட்டிக் கொடுத்தீர்கள். நன்றாக இருந்ததா என்று கேட்டபோது, நன்றாக இருந்தது என்றும் சொன்னேன். அது என் கண்ணில் படவே இல்லை.

அந்த வருடம் ஒரு தடவை உங்கள் பார்லருக்கு வந்தேன். நீங்கள் முடி வெட்டிவிட்டீர்கள். கண்ணாடியில் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்து, என் தலை சாயாமல் பிடித்துக்கொண்டே வெட்டினீர்கள்.

எல்லாம் வெளியே வந்த பிறகு எந்த முகத்தோடு வருவது? அதனால்தான் வரவில்லை, நம்பரை மாற்றினேன். உங்கள்மேல் தப்பு என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. என்னிடம் ஒளிவுமறைவு இல்லை என்று இருபது வருடமாக நம்பும் மனிதருக்கு முன்னால், எனக்காக நீங்கள் தலைகுனிந்து நின்றதைப் படித்துவிட்டு இனியும் எப்படி மறைப்பேன்.

இனி நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று மட்டும். ஜூன் மாதம் பெரிய போட்டி. ஒன்பது முயல் கொண்டுபோகிறேன், எனக்கு இருப்பது இரண்டு கை. உங்களுக்குப் போட்டியிடத்தான் தடை, ஊதிவிடுவதற்குத் தடை இல்லை. கேட்க எனக்கு அருகதை இல்லை என்று தெரியும். கேட்டுவிட்டேன்.

பொடிசு


மே 6

அன்புள்ள பொடிசுக்கு,

உன் கடிதம் வந்தபோது ஒருவர் தலையில் சாயம் ஊறிக்கொண்டிருந்தது. நின்றபடியே படித்தேன், இரண்டாம் தடவை படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். அதற்குள் கால் மணி நேரம் கூடிப்போய் அந்த அம்மாவின் தலை அடுப்புக்கரி மாதிரி ஆகிவிட்டது. அவருக்கு அதுதான் பிடித்திருக்கிறதாம். நல்லவேளை.

கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தக் காகிதத்தை மேசையில் குப்புறப் போட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு வருடம் முன்னாலேயே தெரிந்திருந்தால் ஒரு வருடம் குறைவாக அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டிருப்பேன். இரண்டு பேருக்குக் கட்டிக் கொடுத்தேனே, அதை அவரோடு போனவள் ருசித்துச் சாப்பிட்டிருப்பாள் என்று நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. இதை நேரில் ஒரு தடவை நன்றாகத் திட்டித் தீர்ப்பேன், நீ வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் மறுநாள் காலையில் எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. ஏன் என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. பல் தேய்க்கும்போதுதான் புரிந்தது. நீ என்னைத் தப்பு சொல்லவில்லை. நான்கு வருடமாக நான் தூக்கிச் சுமந்தது அதைத்தான், பொடிசு. உங்கள் வீட்டில் எனக்கென்று இருந்தவள் நீ ஒருத்திதான், நீயும் என்னைக் கைகழுவிவிட்டாய் என்று நினைத்து நான் கூனிப்போனேன். நீ அங்கே வெட்கப்பட்டிருக்கிறாய், நான் இங்கே வெட்கப்பட்டிருக்கிறேன். படவேண்டிய ஆள் மட்டும் ஜாலியாக இருந்திருக்கிறார். நினைத்தால் சிரிப்பு வருகிறது. மேனேஜரிடம் சொல்லிச் சிரித்தேன், அவர் மூக்கை ஆட்டினார்.

சாயக் கொத்தை அன்றே வெட்டிவிட்டேன். இப்போது அங்கே வெள்ளையாக, அரிசி அளவுக்கு எட்டிப்பார்க்கிறது. இருக்கட்டும்.

ஜூன் போட்டி முடியும்வரை பார்லரை என் உதவிக்கு இருக்கும் பெண் பார்த்துக்கொள்கிறாள். வியாழக்கிழமை காலை பஸ். கூண்டு, டிரையர், மேனேஜர், நான். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதே. அது இங்கே வந்து சேரும்போது வாங்குவதற்கு வீட்டில் ஆள் இருக்காது.

உன் அண்ணி