ஆறாம் நாள் குவிந்த துளி

என் நஸ்ரின்,

டெங்கு உன்னைக் கொண்டுபோய் நாலு மாதமாகிறது. ஆய்வுகூடத்தில் உன் மேசை இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. உன்னிடம் மறைக்க முடியாத ஒன்று நடந்துவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

நம் கட்டுரையை அனுப்ப முன், உன் சோதனையை நான் திரும்பச் செய்தேன். காற்றை உறிஞ்சிய பெட்டிக்குள் கண்ணாடித் தகடு; மின்சாரம் பாய்ந்ததும் எஞ்சிய வாயுவில் அந்த ஊதா ஒளி. கண்ணாடியைச் சுடாத குளிர்ந்த பிளாஸ்மா. வெளியே எடுத்து நீர் விட்டேன். துளி குவியாமல் தகட்டோடு தகடாகப் பரவியது. அந்தத் தன்மை ஒரு மாதம் நிற்கும் என்று நீ எழுதியிருந்தாய். ஆறாம் நாள் விட்ட துளி குண்டாகக் குவிந்து நின்றது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அப்படித்தான்.

நம் பேராசிரியர் சேரிடம் சொன்னேன்.

"பிள்ளை போயிட்டா. இனி ஏன் கிளறுறீர்? இருக்கிறபடி அனுப்பும்," என்றார்.

உன் பெயரில் வரும் முதல் கட்டுரை. கடைசியும் அதுதான். உன் உம்மா அதற்காகவே காத்திருந்தார். நான் வாயை மூடிக்கொண்டால் யாருக்கு என்ன? இரண்டு நாள் உன் குறிப்பேட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன்.

சனிக்கிழமை வெள்ளவத்தையில் பஸ் ஏறி, கொட்டாஞ்சேனையில் உங்கள் வீட்டுக்குப் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை உம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ட புள்ள பொய் எழுதினாளா?"

"இல்ல உம்மா. ஒருக்காப் பார்த்ததை எழுதினவள். திரும்பப் பார்க்க அவளுக்கு நாள் கிடைக்கேல்ல."

உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழும்பிப் போகச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"அப்ப நீ பார்த்ததையும் எழுது," என்றார். "அவட பேர மட்டும் வெட்டிராத."

திங்கட்கிழமை உன் அளவீட்டையும் என்னுடையதையும் சேரின் முன் வைத்து, உம்மா சொன்னதையும் சொன்னேன். கோபமாகத்தான் வாசித்தார். கடைசியில் 'ஒரு மாதம்' என்ற வரியை, இரண்டும் வரும்படி, தன் பேனையாலேயே திருத்தினார். நேற்று அனுப்பிவிட்டோம். உன் பெயர்தான் முதலில்.

ஆனால் உன் தகடு மட்டும் எப்படி ஒரு மாதம் நின்றது? அதை எதற்குள் வைத்திருந்தாய்? குறிப்பேட்டில் ஒரு சொல்கூட இல்லையே.

தண்ணீரில், மூடிய பெட்டியில், வெறும் காற்றில் என்று ஒவ்வொன்றிலும் தகட்டை வைத்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். விடை கிடைக்கும்வரை விடமாட்டேன். கிடைத்த அன்றே உம்மாவிடம் போய்ச் சொல்வேன்.

உன்னோடு கூடப்பிறக்காத அக்கா,
கௌரி